அந்த வரி வரைக்கும்

எங்கள் கோயிலில், இயேசு சொல்லிக்கொடுத்த பரலோக மந்திரத்தைச் சொல்லும்போது நான் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்பது வழக்கம். தகரக் கூரை போட்ட கோயில். எல்லோரும் சேர்ந்து சொன்னால் சத்தம் மேலே முட்டி எங்கள் தலையிலேயே வந்து விழும். அந்த இரைச்சலிலும் எனக்கு ஒன்று தெரியும். எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று வேண்டுகிற இடம் வந்ததும் அக்காவின் குரல் நின்றுவிடும். உதடு இறுக மூடியிருக்கும். அந்த வரி முடிந்ததும் மறுபடி எங்களோடு சேர்ந்துகொள்வாள்.

முதலில் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்தேன். வாராவாரம் அதே இடத்தில் தொண்டை கட்டுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கேட்டேவிட்டேன்.

“இன்னாக்கா, நடுவுல ஒரு வரிய முழுங்கிட்ற?”

அக்கா கும்பலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

“முழுங்கல. சொல்லல.”

“ஏன்?”

“மனசுல இல்லாதத அவராண்ட எப்பிடிடி சொல்றது? அவருக்குத் தெரியாதா?”

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் எங்கள் இரண்டு குடும்பமும் இருந்தது. நானும் அக்காவும் ஒரே பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து வரும் சாமான்களின் ஓரத்தைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். காலையில் ஒரே வேனில் போவோம், ஒரே வேனில் திரும்புவோம். தெருவில் பெரியவர்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே எழுதிவிட்டுப் போகிறேன்.

அக்கா பிறந்தது கிறிஸ்தவ வீட்டில் இல்லை. பொதட்டூர்பேட்டைப் பக்கம் ஒரு கிராமம். அவள் புருஷன் அங்கே கட்டட வேலைக்குப் போன இடத்தில் அவளைப் பார்த்து, இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று உபதேசியார் வீட்டுக்கு மந்திரம் படிக்க அனுப்பினார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால் போதும் என்று அவர் நினைத்திருந்தார். அக்கா ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டிருக்கிறாள். ‘ஆமென்’ என்றால் என்ன என்றுகூடக் கேட்டாளாம். “அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்மா” என்று அவர் சொன்னதற்கு, “அப்ப முன்னாடி சொன்னது எல்லாம் புரிஞ்சாதான அத சொல்லணும்?” என்று கேட்டிருக்கிறாள். உபதேசியார் பல வருஷம் கழித்தும் இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்வார்.

நாங்களெல்லாம் பால் குடிக்கும் வயசிலேயே கேட்டுப் பழகியவர்கள். எங்கள் வாய் தானாகவே ஓடும். அக்காவுக்கு அது வளர்ந்த பிறகு வந்த வார்த்தை. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாயில் போட்டுக்கொண்டாள்.

மற்ற பேச்சிலும் அப்படித்தான். ‘நல்லா கீறியா’ என்று யாராவது கேட்டால், “கீறேன்” என்பாள். ‘நல்லா’ இருந்த நாளில் மட்டும் அதைச் சேர்ப்பாள். என் மாமியார் புற்றுநோயில் படுத்திருந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லோரும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்கா அதைச் சொல்லவில்லை. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். மாமியார் கண்ணைத் திறந்து, “நான் பொழைக்க மாட்டேன் இல்ல?” என்றார். அக்கா விசிறுவதை நிறுத்தாமல், “தெரியாதும்மா. நான் நாளைக்கும் வரேன்” என்றாள். மறுநாள் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். கடைசியில் மாமியார் எங்கள் யாரையும் தேடவில்லை, அவளைத்தான் தேடினார்.

இந்தக் குணத்தால் அவளுக்கு நல்லது எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை. கம்பெனியில் காலை ஷிஃப்ட் தொடங்கும்முன் எங்களை வரிசையில் நிறுத்தி, கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். பாதுகாப்பு விதிகளை மதிப்பேன், ஆபத்தான இயந்திரத்தில் வேலை செய்ய மாட்டேன் என்று வரும். ஒரு நாள் அக்கா கையை நீட்டவில்லை. சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“ஏம்மா, கை வலிக்குதா?”

“இல்ல சார். மூணாம் நம்பர் மிஷின்ல தடுப்பு கழட்டி வெச்சி ரொம்ப நாளு ஆவுது. அதுலதான் என்ன நிக்க வெக்கறீங்க. அப்பால நான் எப்பிடி சார் சத்தியம் பண்றது?”

யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. மறுநாள் அவளைக் கழிவு அரைக்கும் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தூசியும் சூடும். சாயங்காலம் வேனில் ஏறும்போது அவள் புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். “வாயப் பொத்திக்கினு கைய நீட்டி இருந்தா இன்னாக்கா கொறஞ்சி பூடும்?” என்று நான் கேட்டேன். “பழக்கம் ஆயிடும் ஸ்டெல்லா” என்றாள். எது பழக்கமாகிவிடும் என்று அவள் விளக்கவில்லை.

இத்தனை கறாரான பெண்ணின் வாழ்க்கையில் ஒரு பொய் வந்து நடுவில் உட்கார்ந்தது.

அவள் புருஷன் பக்கத்தில் ஓர் இரும்பு மில்லில் வேலை செய்தார். அங்கே கம்பிக்கட்டுகளைக் கிரேன் தூக்கிப் போய் லாரியில் வைக்கும். கிரேன் ஓட்டியவர் சகாயம். எங்கள் கோயில்காரர்தான். புருஷனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அவர்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். ஒரு நாள் கட்டு சரிந்து விழுந்தது. கீழே இருந்த அவள் புருஷன் அங்கேயே செத்துப்போனார்.

அக்கா அந்தச் சாவைத் தாங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். புருஷனை இரும்பு மில்லுக்கு அனுப்பும் பெண்கள் எல்லோருக்கும் மனசின் ஒரு மூலையில் அந்தப் பயம் இருக்கும். விசாரணையில் நடந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சைரன் அடித்தேன், அவனாகவே கட்டுக்கு அடியில் வந்துவிட்டான் என்று சகாயம் சொன்னார். அந்த சைரன் கெட்டுப்போய்ப் பல நாள் ஆகிறது என்பது மில்லில் எல்லோருக்கும் தெரியும். சாவு வீட்டிலேயே நாலு பேர் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்று கூட நின்று கட்டுக்குச் சங்கிலி மாட்டிய ஒடிசாப் பையனை உடனே ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் சகாயத்தின் மகனுக்கு அதே மில்லில் வேலை கிடைத்தது.

தப்பு செத்தவன் மேல் என்று ஆனதும், பேச்சு அதோடு நிற்கவில்லை. குடித்திருப்பான் என்றார்கள். அக்காவின் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, “எம்மா, அப்பா குடிச்சிருந்தாராமா?” என்று கேட்டிருக்கிறாள். அன்றிலிருந்துதான் பரலோக மந்திரத்தில் அந்த ஒரு வரி நின்றுபோனது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தால் எங்கள் தெருவில் ஒவ்வொருவரும் ஒன்றை விடுவார்கள். கறி விடுவார்கள், பூ வைப்பதை விடுவார்கள். ஆண்கள் குடியை விட்டுவிட்டு ஈஸ்டர் அன்று மொத்தமாகச் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். அக்கா எதையும் விட்டதாக அறிவித்ததில்லை. அவளுக்குத் தவக்காலம் என்றால் அந்த ஒரு வரிதான்.

புருஷன் செத்த பிறகு வந்த முதல் தவக்காலத்தில், சிலுவைப் பாதை நடக்கும் வெள்ளிக்கிழமை ஒன்றில், சகாயம் மரச்சிலுவையைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தூக்குவது வழக்கம். அன்று அவர் முறை. பாதையில் பதினான்கு நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் நாங்கள் மண்டி போட வேண்டும். இரண்டாவது நிலையிலேயே அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். கைப்பம்பு பக்கத்தில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்தாளு தூக்கிக்கினு வருவான், நான் முட்டி போடணுமா?”

“சாமிக்குத்தானக்கா முட்டி போட்ற.”

“நீ சொல்றது தெரியுது. என் முட்டிக்குத் தெரியல.”

அந்த வருஷம் ஈஸ்டருக்கு அவள் நற்கருணை அப்பம் வாங்கவில்லை. ஜனம் அவளைத் தாண்டித் தாண்டிப் போனது. பெஞ்சின் ஓரத்தில் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த தவக்காலத்தில் ஒரு புதுச் சாமியார் வந்திருந்தார். சின்ன வயசு, தெற்கத்திப் பேச்சு. அக்கா அவரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். அங்கே நடந்ததை அவளே திரும்பி வரும்போது சொன்னாள். வாயால் சொல்லிக்கொண்டே இருங்கள், மனசு பின்னால் வரும் என்று அவர் முதலில் சொன்னாராம்.

“நான் சொன்னேன், ஃபாதர், என் மனசு வராது, அது மில்லு கேட்டாண்டியே நின்னுக்கினு கீது, கையப் புடிச்சி இஸ்தா கூட வராதுன்னு. அதுக்கு அவரு, சரிம்மா, பொய் சொல்ல வேண்டாம், நின்னுக்கோங்க. ஆனா தினமும் அந்த வரி வரைக்கும் வாங்க, வராம இருந்துராதீங்கன்னாரு.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். எனக்கு அது போதும்.”

அன்றிலிருந்து தினமும் ஜெபம் சொன்னாள். வேனில் போகும்போது உதடு அசையும். ஓர் இடத்தில் நிற்கும். ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்ப்பாள். பிறகு அசையும்.

அந்த வருஷங்களில் அக்காவிடம் நடந்த மாற்றத்தை மாற்றம் என்று சொல்ல மற்றவர்களுக்கு வாய் வராது. என்னிடம் மட்டும் அவ்வப்போது சொல்வாள், வைத்தியத்துக்குப் போய் வருகிறவர்கள் சொல்வதுபோல. “இன்னிக்கி அந்தாளு செருப்பு என் செருப்புக்கு பக்கத்துல கெடந்துது. தள்ளிப் போடல.” இன்னொரு தவக்காலத்தில், “பின்னால யாரோ இருமனாங்க. திரும்பிப் பாத்தா சகாயம் அண்ணன். மூஞ்சிய திருப்பிக்கல.” அவர் பெயரை அவள் வாயில் நான் கேட்டதும் அந்தச் சமயத்தில்தான். அதுவரைக்கும் ‘அந்தாளு’தான். இடையில் ஒரு வருஷம் எல்லாம் பின்னால் போனது. மகளுக்கு வந்த நல்ல வரன், அப்பன் குடித்துச் செத்தவன் என்று காரணம் சொல்லித் தட்டிப்போனது. அந்தத் தவக்காலம் முழுக்க அக்கா கோயிலுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாளே தவிர, அந்த வரிக்கு முந்தின வரிகளைக்கூடச் சொல்லவில்லை. “வந்துட்டேன் இல்ல, அது போதும் இன்னிக்கி” என்றாள்.

பிறகு சகாயத்துக்குச் சர்க்கரை வியாதி முற்றியது. காலில் பட்ட புண் ஆறாமல் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மில்லில் அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். தெருவே அக்கா வீட்டுக்கு வந்தது.

“பாத்தியா, ஆண்டவர் கேட்டுட்டாரு” என்றாள் ஒருத்தி. அவள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள்.

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

“அவரு கால நான் கேக்கலியே! ஒரு வார்த்ததான கேட்டேன். கால எடுத்துக்கினு நான் இன்னா பண்ணுவேன்?”

வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்த வாரமே, சிலுவைப் பாதை முடிந்ததும், “நீயும் வா” என்று என்னைக் கூட்டிக்கொண்டு சகாயம் வீட்டுக்குப் போனாள்.

அவர் இரும்புக் கட்டிலில் படுத்தபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எங்களைப் பார்த்து ஒரு நிமிஷம் திகைத்து, பிறகு நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அக்கா உட்காரவில்லை.

“அண்ணே, நீங்க சைரன் அடிச்சீங்களா?”

சகாயம் டிவியையே பார்த்தார். அவர் மனைவி சத்தத்தைக் குறைத்தாள். கேட்டதே பெரிய கேள்வி இல்லை என்பதுபோல அக்கா நின்றாள். அவசரம் எதுவும் அவள் முகத்தில் இல்லை.

“அடிக்கல” என்றார் அவர். “அது கெட்டுப் பூடுச்சி. நான்தான் லாரி நிக்குதுன்னு அவசரத்துல தூக்கிட்டேன். அவன் குனிஞ்சி சங்கிலிய பாத்துக்கினு இருந்தான்.”

“குடிச்சிருந்தாரா?”

“அய்யோ, இல்லம்மா! காலைல என்னாண்டதான் நாஷ்டா துன்னான்.” அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“இத நாலு பேரு எதிர்ல சொல்லுவீங்களா அண்ணே? என் பொண்ணுக்கு நான் சொன்னா, அம்மா அப்படித்தான சொல்லுவான்னு நெனைக்கிது.”

அவர் மனைவி நடுவில் வந்து நின்றாள். “என் புள்ள அங்கதான் வேல செய்றான். இந்த ஆளுக்கு காலு இல்ல. அவன் சோத்துலதான் நாங்க கீறோம். அதுலயும் மண்ண போட வந்தியா?”

அக்கா தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, வரேன் என்று சொல்லிக் கிளம்பினாள். தெருமுனை வரைக்கும் நேராக நடந்தாள். அங்கே மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். புருஷன் உடலைக் கொண்டுவந்து போட்ட அன்று நான் அருகில் இருந்தேன். அன்றுகூட அவள் இப்படி அழவில்லை.

பெரிய வெள்ளி அன்று சகாயம் மனைவியோடு ஆட்டோவில் கோயிலுக்கு வந்தார். மகன் ஷிஃப்டில் இருந்தான். வழிபாடு முடிந்ததும் எங்கள் வழக்கப்படி முற்றத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அக்காவின் மகள்தான் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கரண்டியால் ஊற்றிக்கொண்டிருந்தாள். சகாயம் கட்டைகளை ஊன்றி வேப்பமரத்தடியில் நின்றார். மில்லில் வேலை செய்கிற ஆண்கள் ஐந்தாறு பேர் அங்கே குந்திக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“பாப்பா, ஒங்கப்பன் மேல தப்பு இல்ல. அவன் குடிக்கல. சைரன் அடிக்காம தூக்குனது நான்தான். விசாரணைல நான் சொன்னது பொய்யி.”

யாரும் தலை நிமிரவில்லை. ஒருத்தர் மட்டும் கஞ்சியைப் பார்த்தபடியே, “எங்களுக்கும் தெரியும்ண்ணே” என்றார். அந்தப் பெண் கரண்டியை அண்டாவிலேயே போட்டுவிட்டுக் கோயிலுக்குப் பின்பக்கம் ஓடினாள். அக்கா அவள் பின்னால் போகவில்லை. சகாயத்தின் மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மனைவியின் முகத்தில் ரத்தமே இல்லை.

ஈஸ்டர் திருப்பலியில் அக்கா அந்த வரியைச் சொன்னாள். குரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்குத்தான் கண் கலங்கி மூக்கு ஒழுகிவிட்டது. அக்கா முழங்கையால் இடித்தாள். “இன்னாத்துக்கு இப்ப? பேஜார் பண்ணாத.” அன்று நற்கருணை வரிசையில் எனக்கு முன்னால் போனாள். இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

அடுத்த வாரம் சகாயத்தின் மகனை மில் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வேலை குறைந்துவிட்டது, சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். சொல்லி அனுப்பவேயில்லை. சகாயத்தின் மனைவி எங்கள் லைன் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினாள்.

“இப்ப நல்லா கீதாடி ஒனக்கு? வயிறு குளுந்துச்சா?”

தெருவில் எல்லோரும் வெளியே வந்துவிட்டோம். அது கம்பெனிக்காரன் செய்ததும்மா, இவள் என்ன செய்வாள் என்று நான் சொல்லப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஆமா” என்றாள் அவளிடம். “நான் கேட்டதாலதான்.”

அந்தப் பெண் சண்டையை எதிர்பார்த்து வந்திருந்தாள். சண்டை கிடைக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் தனியாகக் கத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. அவள் மகள் மட்டும் எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்பா படத்தைத் துடைத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

அதன் பிறகு அக்கா ஒடுங்கிப்போனாள். கேட்டது கிடைத்த பிறகு ஒரு ஆள் இப்படி வாடுவதை நான் பார்த்ததில்லை. தன் கம்பெனியில் அந்தப் பையனுக்கு வேலை கேட்டு, தன்னைக் கொட்டகைக்குத் தள்ளிய அதே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். அவர் பார்க்கலாம் என்றார், பார்க்கவில்லை. பையன் கடைசியில் ஆந்திரா எல்லை தாண்டித் தடா பக்கம் குறைந்த கூலிக்குப் போனான். ஒரு நாள் வேனில் வரும்போது அக்கா திடீரென்று சொன்னாள்.

“மன்னிப்பு குடுக்கறதுதான் கஷ்டம்னு இத்தினி வருசம் நெனச்சிக்கினு இருந்தேன் ஸ்டெல்லா. கேக்கறது அத விட கஷ்டமா கீது.”

“நீ இன்னா தப்பு பண்ண? மெய்யதான கேட்ட?”

“மெய்தான். ஆனா அது யாரு தலைல வுழும்னு நான் பாக்கல. எனக்கு வேணும், வேணும்னு அது ஒண்ணுதான் தெரிஞ்சிது. அவரும் லாரி நிக்குதுன்னு அப்பிடித்தான தூக்குனாரு?”



மழை மாசத்தில் சகாயம் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனோம். வாசல்படியில் அவர் மனைவி அக்காவைக் கையைக் காட்டித் தடுத்தாள். அக்கா இறங்கி வந்து தெருமுனையில், கணுக்கால் தண்ணீரில், பெட்டி வெளியே வரும் வரைக்கும் நனைந்துகொண்டு நின்றாள். பெட்டி தாண்டியதும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு ரொம்பப் பின்னால் நடந்து வந்தாள்.

அதற்கு அடுத்த தவக்காலம்தான் நான் கும்மிடிப்பூண்டியில் இருந்த கடைசித் தவக்காலம். என் வீட்டுக்காரருக்குத் திருவள்ளூரில் வேலை கிடைத்து, மணவாள நகரில் வீடு பார்த்தாயிற்று. சாமான்களை முன்னாலேயே அனுப்பிவிட்டோம். ஒவ்வொரு வெள்ளியும் சிலுவைப் பாதை முடிந்ததும் அக்கா சகாயம் வீட்டுக்கு எதிரில் போய் நிற்பாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கதவு சாத்தியே இருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவாள். கிளம்பும் அன்று வெள்ளிக்கிழமையாக இருந்ததால் நானும் கூடப் போனேன்.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் விட்டு வரும் கம்பெனி பஸ்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. வீட்டுக்கு எதிரே கால்வாய் மேல் போட்ட சிமெண்டுப் பலகையில் அக்கா உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

கதவு திறந்தது. சகாயத்தின் மனைவி வாளியும் துடைப்பமுமாக வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்தாள். எங்களைப் பார்த்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. உள்ளே கட்டில் தெரிந்தது, அதன் மேல் மடித்து வைத்த துணிகள் தெரிந்தன.

“அக்கா, தொறந்துதான கீது. போ.”

அக்கா அசையவில்லை.

“தொறந்து வெச்சிட்டுப் போறது வேற. கூப்புட்றது வேற.”

“அவங்க எப்பிடிக்கா வாயத் தொறந்து கூப்புடுவாங்க? நீயாதான் போவணும்.”

“அந்த வரிய சொல்ல எனக்கு எத்தினி வருசம் ஆச்சி? யாராவது வெரட்னாங்களா என்ன? ஃபாதரு வெரட்னாரா, மேல கீறவரு வெரட்னாரா? அவங்களுக்கும் ஆவட்டும்.”

உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, பலகையில் இன்னும் நன்றாகத் தள்ளி உட்கார்ந்தாள்.

“நீ கெளம்பு ஸ்டெல்லா. ஒனக்கு ரயிலு பூடும்.”